சுண்டுவின் வயிறு பேசிய நாள்

நாணல் குளத்துக் கரையில் செவலி என்ற மட்டக்குதிரை ஒரு குட்டி போட்டாள்.

குட்டி என்றால் அப்படி ஒரு குட்டி! எழுந்து நின்றாலும் வெள்ளாட்டுக்குட்டி உயரம்தான். குளம்புகள் கொட்டைப்பாக்கு அளவு. நெற்றியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. தும்பி பறந்து வந்தால்கூடத் தாயின் வயிற்றுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்வான். சுண்டு என்று பெயர் வைத்தார்கள்.

சுண்டுவைப் பார்க்கக் காடே திரண்டு வந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. குட்டி பிறந்த இடத்துக்கும் சீக்காளி படுத்திருக்கும் இடத்துக்கும் யாரும் வெறும் வாயோடு போகக் கூடாது. எதையாவது கவ்விக்கொண்டுதான் போக வேண்டும். கொடுத்துவிட்டு உடனே திரும்பவும் கூடாது. கண் முன்னால் ஒரு வாயாவது தின்னவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "அப்புறம் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, வந்தவரின் முகம் சுருங்கிவிடும்.

அதனால் சுண்டு தின்றான். முயல் கொண்டுவந்த இளம்புல்லைத் தின்றான். கிளி போட்ட கொய்யாவைக் கடித்தான். கரடி பலாச்சுளையோடு வந்து, "மாமாவுக்காக ஒண்ணு! இன்னும் ஒண்ணு!" என்றது. குரங்கு கொப்பன் வாழைப்பழத்தை உரித்து ஊட்டியே விட்டான். மொந்தை என்ற எருமை ஒரு கட்டுச் சோளத்தட்டையைக் கொண்டுவந்து போட்டாள்.

"நல்லாத் தின்னு ராசா! அப்பத்தான் என்னை மாதிரி வருவே!" என்றாள் மொந்தை.

சுண்டு மொந்தையின் உடம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தின்றான்.

இருபதாம் நாள் விடியற்காலையில் சிலுப்பி வந்தாள். சிலுப்பி ஒரு முள்ளம்பன்றி. பொழுது சாய்ந்த பிறகு கிழங்கு தோண்டப் போவாள். ஊர் விழிக்கும்போது தூங்கப் போவாள். அதனால் யாருடைய விசேஷமும் அவளுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. பாதி விசேஷத்தைத் தூக்கக் கலக்கத்தில் பார்ப்பாள். மீதியைப் பிறர் சொல்லிக் கேட்பாள்.

"ஏடி முள்ளுக்காரி! என்ன இது, வெறும் வாயோட வந்திருக்கே?" என்று மொந்தை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"கிழங்கு எடுத்து வெச்சேன், மொந்தையக்கா. அப்புறம் யோசிச்சேன். குட்டிக்கு இப்பத்தானே பல்லு எட்டிப் பார்க்குது? அது பால் குடிக்கிற வயிறு. அதுல கிழங்கைப் போட்டா என்ன ஆகும்?"

கொப்பன் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தான். "கேட்டீங்களா! கஞ்சத்தனத்துக்கு வைத்தியக் காரணம்!"

எல்லோரும் சிரித்தார்கள். செவலிகூட, வந்தவர்கள் சிரிக்கிறார்களே என்று, கொஞ்சம் சிரித்துவைத்தாள். சிலுப்பி சுண்டுவைத் தூரத்திலிருந்தே ஒருமுறை பார்த்துவிட்டு வளைக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் பொழுது புலரும் நேரம். சிலுப்பி வேலை முடிந்து குளக்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். செவலி கனைக்கும் சத்தம் கேட்டது. சும்மா கனைப்பதுபோல் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தாள்.

சுண்டு தரையில் கிடந்தான். பின்காலால் தன் வயிற்றையே உதைத்தான். கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தான். அங்கே யாரோ உட்கார்ந்து கிள்ளுகிறார்கள் என்பதுபோல் பார்த்தான். பிறகு எழுந்தான். சுற்றினான். மறுபடி விழுந்து புரண்டான்.

"அம்மா, உள்ளே குத்துது!"

சிலுப்பிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முள்ளெல்லாம் நிமிர்ந்தன. இதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுடைய பழைய வளை ஒரு வண்டிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே குதிரைகள், கீழே அவள். தூக்கம் வராத பகல்களில் வளை வாசலில் மூக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் பார்த்ததை மனம் வாங்கி வைத்துக்கொண்டது. இப்படி வயிறு கட்டிக்கொண்டு புரண்ட குதிரைகள் சில பிழைத்தன. சில பிழைக்கவில்லை.

அதற்குள் சேதி பரவிவிட்டது. "சுண்டுவுக்கு உடம்பு சரியில்லையாம்!" காடே மறுபடி திரண்டது. வழக்கம் வழக்கம்தானே? ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பொருள்! கரடி தேனடையோடு வந்தது. முயல் கீரையோடு வந்தது. கொப்பன் வாழைச் சீப்பையே தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

மொந்தை முன்னால் வந்து சுண்டுவின் வயிற்றில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சத்தமே இல்லே. சமத்து வயிறு! கவலைப்படாதே செவலி. படுத்த இடத்துல படுத்து அசை போடட்டும். எல்லாம் சரியாயிடும்."

"அக்கா, குதிரைக்கு அசை போடத் தெரியாதே!" என்றாள் சிலுப்பி.

மொந்தை மெதுவாகத் திரும்பினாள். "எனக்கு எத்தனை வயிறு, தெரியுமாடி?"

"நாலு, அக்கா."

"நாலு வயித்தைக் கட்டி ஆளறவ நான்! ஒரே ஒரு வயிறு, அதுவும் இம்மாத்தூண்டு! அதைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

"நாலு வயிறு இருக்கறதாலதான் சொல்றேன். உனக்கு ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு இருக்கு. உள்ளே போனது மேலே வந்து மறுபடி போகும். இவனுக்கு ஒரே வழிதான், அக்கா. வாயில போனது வாலுக்குக் கீழேதான் வந்தாகணும். மேலே திரும்பி வராது. வாந்திகூட வராது. இப்ப அந்த வழி அடைச்சுக்கிட்டிருக்கு. வயிறு பேசணும். பேசாத வயித்தைப் பார்த்தாத்தான் பயப்படணும்!"

செவலியின் காதுகள் இரண்டும் முன்னால் திரும்பின. "அப்ப நான் என்ன செய்யணும், சிலுப்பியக்கா?"

"எதுவும் கொடுக்காதே. எழுப்பு. நடக்க வை. உருள விடாதே. உருண்டா குடல் முறுக்கிக்கும். முறுக்கிக்கிட்டா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. லத்தி விழற வரைக்கும் நடக்கணும்."

"பால்?"

"பாலும் வேணாம். ரெண்டு மடக்குத் தண்ணி, அவ்வளவுதான்."

செவலியின் மடி ஏற்கெனவே கனத்திருந்தது. காம்பிலிருந்து ஒரு சொட்டு வடிந்து மண்ணில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

"பட்டினி போடற வைத்தியமா?" என்று கத்தினான் கொப்பன். "கொண்டுவந்ததை நான் என்ன செய்யறது?"

"நீயே தின்னுப்பா! உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் சிலுப்பி.

மொந்தை கோபித்துக்கொண்டு சேற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். மூக்கும் கொம்பும் காதும் மட்டும் வெளியே தெரிந்தன. காது கரைப் பக்கமாகவே இருந்தது.

நடை தொடங்கியது. ஒரு பக்கம் செவலி. மறுபக்கம் சிலுப்பி. நடுவில் சுண்டு. குளத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"அத்தை, கால் வலிக்குது."

"தெரியும் கண்ணு. அந்த ஆவாரஞ்செடி வரைக்கும் போவோம்."

ஆவாரஞ்செடி வந்தது.

"இப்ப அந்தக் கல்லு வரைக்கும்."

"நீங்க ஏமாத்தறீங்க அத்தை!"

"ஆமா, ஏமாத்தறேன்! வா!"

சுண்டு தந்திரக்காரன். நல்ல புல்தரையாகப் பார்த்து முழங்காலை மெதுவாக மடக்குவான். மடக்கி முடிப்பதற்குள் சிலுப்பி ஓடிப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். முள் எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும்.

"ஐயோ! இது என்னோட இடமாச்சே!" என்பாள்.

சுண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போவான். முழங்காலை மடக்குவான்.

"அடடா! இதுவும் என்னோடதுதான்!"

"காடே உங்களோடதா அத்தை?"

"இன்னைக்கு மட்டும்!"

வலியோடு வலியாகச் சுண்டு சிரித்துவிட்டான். கரையில் நின்ற முயல்களும் சிரித்தன. ஆறாவது சுற்றில் முயல்களும் கூட நடந்தன. கிளிகள் தலைக்கு மேலே பறந்து, "வலது கால்! இடது கால்! இன்னொரு வலது கால்!" என்று கணக்குச் சொன்னதில், எந்தக் காலை எடுத்து வைப்பது என்று சுண்டுவுக்கே குழம்பிப் போனது.

ஆனால் சிலுப்பிக்கு அது தூங்கும் நேரம். வெயில் ஏற ஏற அவள் கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருந்தது. உச்சிப்பொழுதில் செவலியும் சுண்டுவும் இரண்டு மடக்குத் தண்ணீருக்காக நின்றார்கள். "ஒரு கண்ணை மட்டும் மூடிக்கிறேன்" என்று சிலுப்பி நினைத்தாள். மற்றக் கண்ணும் மூடிக்கொண்டது.

செவலி தண்ணீருக்குக் குனிந்தாள். கிளையிலிருந்து ஒரு கை நீண்டது. அதில் உரித்த வாழைப்பழம்.

"சத்தம் போடாதே செல்லம்" என்று கொப்பன் குசுகுசுத்தான். "பாவம், விடிஞ்சதிலிருந்து ஒண்ணும் தின்னலே. ஒரே ஒரு வாய். மாமாவுக்காக!"

சுண்டுவுக்குப் பசிக்கவில்லை. ஆனால் மாமாவின் முகம் சுருங்கிவிடுமே! பாதிப் பழத்தை விழுங்கினான்.

கொஞ்ச நேரம்தான். சுண்டு ஓலமிட்டுக்கொண்டு கீழே விழுந்தான். வயிறு பறைபோல் விறைத்திருந்தது. நாலு காலையும் வானத்தை நோக்கி உதைத்துப் புரளத் தொடங்கினான். செவலி மூக்கால் முட்டினாள். எழவில்லை. பல்லால் பிடரியைக் கவ்வி இழுத்தாள். எழவில்லை.

சிலுப்பி திடுக்கிட்டு விழித்தாள்.

செவலி அவள் மேல் பாய்ந்தாள். "நடக்க வெச்சு நடக்க வெச்சே என் குட்டியை இப்படிப் பண்ணிட்டியே! தள்ளிப் போ! கிட்டே வந்தா உதைச்சிடுவேன்!"

அவளுடைய பின்கால் உயர்ந்தது. அந்த உதை விழுந்தால் சிலுப்பிக்கு வளையும் வேண்டாம், கிழங்கும் வேண்டாம்.

சிலுப்பிக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நேற்றுச் சிரித்தவர்கள்தான் இவர்கள். வளை பக்கத்தில்தான் இருக்கிறது. இருட்டாக, குளுகுளுவென்று.

சுண்டு ஒரு பக்கமாகப் புரண்டு, மறுபக்கமும் திரும்பப் பார்த்தான். இன்னொரு முறை உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும்.

செவலி தூக்கிய கால் விழுவதற்குள் சிலுப்பி அதற்கு அடியில் நுழைந்து ஓடினாள். சுண்டுவின் காதோரம் போய் நின்றாள். வாலைத் தூக்கினாள். வாழ்நாளில் சிறுத்தைக்கும் நரிக்கும் மட்டுமே காட்டிய வித்தையை அந்தப் பச்சைக்குட்டிக்குக் காட்டினாள்.

சரசரசரசர!

வால் முட்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தில் முயல்கள் நாலு திசையும் தெறித்தன. கரடி மரத்தில் பாதி ஏறிவிட்டது. சுண்டுவோ, தும்பிக்கே ஒளியும் சுண்டு! வலி கிலி எல்லாம் மறந்து துள்ளி எழுந்தான். எடுத்தான் ஓட்டம்!

"மொந்தையக்கா!" என்று சிலுப்பி அலறினாள். "உன் உடம்பு இப்ப வேணும்! அவன் விழாம தாங்கணும்! உன்னைவிட்டா யாரால முடியும்?"

சேறு பிளந்தது. மொந்தை எழுந்து வந்தாள். குளமே கரைக்கு வந்ததுபோல் இருந்தது. ஓடிப் போய்ச் சுண்டுவின் இடப்பக்கம் சுவர்போல் நின்றாள்.

"செவலி! பார்த்துக்கிட்டு நிக்காதே! வலப்பக்கம் வா!"

செவலி வந்தாள். இரண்டு சுவருக்கு நடுவில் சுண்டு. விழ நினைத்தாலும் இடமில்லை. பின்னால் சிலுப்பி. அவன் கால் தயங்கினால் மட்டும் வாலால் சின்னதாக ஒரு சர்.

கொப்பன் கிளையிலிருந்து இறங்கி வந்தான். முகம் பிடரிவரை சிவந்திருந்தது. "செவலி அக்கா... சிலுப்பி மேல தப்பில்லே. நான்தான் பாதிப் பழம் கொடுத்தேன். பாவமா இருந்துச்சு."

செவலி நடையை நிறுத்தவில்லை. "அப்ப நீயும் நட!" என்றாள்.

கொப்பனும் நடந்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் சிலுப்பி கையைத் தூக்கினாள். "நில்லுங்க! யாரும் மூச்சு விடாதீங்க!"

முட்களை உடம்போடு ஒட்டப் படியவைத்துக்கொண்டு சுண்டுவின் வயிற்றில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

பிறகு, எங்கோ ஆழத்தில், ஒரு தவளை கனவில் பேசுவதுபோல்: குர்ர்...

"பேசுது!" என்றாள் சிலுப்பி. "வயிறு பேசுது!"

"என்ன சொல்லுது?" என்று கேட்டது முயல்.

பதில் வேறு வழியாக வந்தது.

பர்ர்ர்ர்ர்ர்!

இத்தனை சின்ன உடம்பிலிருந்து இத்தனை பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாணல் புதரிலிருந்து கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. சுண்டு வெட்கத்தில் தாயின் வயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான்.

"வெட்கப்படாதே ராசா!" என்றாள் மொந்தை. "இதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லே! இன்னொரு தரம் பாடு!"

பாடினான்.

காடு முழுவதும் சுண்டுவின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது. வால் மெல்ல உயர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நெல்லிக்காய் அளவில் மூன்று லத்தி உருண்டைகள் புல்லில் விழுந்தன.

"விழுந்துடுச்சு!"

"மூணு! மூணு விழுந்துடுச்சு!"

கரடி மரத்திலிருந்து கைதட்டியதில் பிடி நழுவிக் கீழே விழுந்தது. எழுந்து மறுபடி கைதட்டியது. கிளிகள் செய்தியைச் சுமந்துகொண்டு நாலு பக்கமும் பறந்தன. மயில் மழையில்லாமலே ஆடியது. எங்கிருந்தோ ஒரு சாணவண்டு மூச்சு வாங்க ஓடிவந்து, "தள்ளுங்க, தள்ளுங்க! சுடச்சுட இருக்கா?" என்று கேட்டு ஓர் உருண்டையை உருட்டிக்கொண்டு போனது. மொந்தை அதற்கு ஒதுங்கி வழிவிட்டாள்.

சுண்டு தலையைத் தூக்கினான். "அம்மா, பசிக்குது!" என்றான்.

விடிந்ததிலிருந்து அவன் சொல்லாத வார்த்தை அது.

செவலி சிலுப்பியைப் பார்த்தாள். சிலுப்பி தலையசைத்தாள். "கொஞ்சமா. கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் கொஞ்சம்."

கனத்துப்போயிருந்த மடியில் சுண்டு முட்டினான். பால் நுரைத்து அவன் தாடையில் வழிந்தது. செவலி கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே நின்றபடி, "உதைக்கக் காலைத் தூக்கிட்டேனே, அக்கா" என்றாள்.

"தாய் உதைக்காம வேறே யார் உதைப்பா?" என்றாள் சிலுப்பி. "நல்லவேளை, குறி தப்பிச்சு."

"நான் குறி வைக்கலே!"

"வெச்சிருந்தா பட்டிருக்கும். வைக்காததும் நல்லதுதான்."

மொந்தை தொண்டையைச் செருமினாள். "ஏடி சிலுப்பி. ஒண்ணு கேட்கணும். இந்த ஒத்தை வயித்துக்காரங்களைப் பத்தி இன்னும் என்னென்ன தெரியும் உனக்கு? கொஞ்சம் சொல்லேன். நாலு பேருக்குச் சொல்ற இடத்துல இருக்கேன் பாரு."

குனிந்து பார்த்தாள். சிலுப்பி நடைபாதையின் நடுவிலேயே, கேள்வியின் நடுவிலேயே, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"உஷ்!" என்றாள் மொந்தை. அவள் "உஷ்" என்றதே குளத்துக்கு அக்கரையில் கேட்டது. காடு அடங்கியது. மேற்கு வெயில் சிலுப்பியின் முகத்தில் அடித்தது. செவலி நாலடி நகர்ந்து, தன் நிழல் அவள் மேல் விழும்படி நின்றுகொண்டாள். பால் குடித்து முடித்த சுண்டு மெல்ல வந்து அவளைச் சுற்றிப் பார்த்தான். முள் குத்தாத ஓர் இடம் கிடைத்தது. அவளுடைய மூக்கு நுனி. அதில் தன் மூக்கை வைத்துவிட்டு, மூன்று முறை துள்ளிக் குதித்து ஓடினான்.

கொடுக்கிறவருக்கு எது ஆசை என்பதைப் பாராமல், பெறுகிறவருக்கு எது தேவை என்பதை அறிந்து செய்வதே உண்மையான அன்பு.